அடிப்பக்கம்

முதலில் கவிழ்க்க வேண்டும்.
முகம் பார்த்தால் எல்லா வாணலியும் ஒன்றுதான்:
கருப்பு, எண்ணெய், அதன்மேல் கருப்பு.
வயசு அடியில் இருக்கிறது.

நடுவே தழும்பு ஓடினால்
அநேகமாய் நூற்றுமுப்பது வருஷம்.
உருகிய இரும்பு உள்ளே போன வாய் அது,
ஆறியபின் ஒடித்தெடுத்த இடம்,
ஏறக்குறையத் தொப்புள்.
விளிம்பை ஒட்டி வளையம் இருந்தால்
விறகடுப்பின் துளையில் உட்கார வார்த்தது.
கைப்பிடியில் 8 என்றால் எட்டு அங்குலம் இல்லை,
அடுப்புத் துளையின் எண்.
இதை நாளுக்கு முப்பது தடவை சொல்கிறேன்,
முப்பது பேரும்
அளவுநாடாவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

கென்டக்கி. ஆகஸ்ட். சாலையோரச் சந்தையின் மூன்றாம் நாள்.
மடக்குமேசையில் பூதக்கண்ணாடி, பென்சில், மெல்லிய தாள்,
ஈயம் பட்டால் சிவக்கும் பஞ்சுக்குச்சிகள்
(இதில் தோட்டாவுக்கு ஈயம் உருக்கியவர்களும் உண்டு),
வெந்நீராகிவிட்ட ஐஸ் டீ.

ராய்ஸ் காடிலும் அக்கா நெல்டாவும்
ஒரே வாணலியைப் பிடித்தபடி வந்தார்கள்.
கைப்பிடி தம்பியிடம். ஊற்றுமூக்கு அக்காவிடம்.
அம்மா இமோஜின் போன மார்ச்சில் இறந்துவிட்டார்;
உயிலில் டிராக்டர் இருக்கிறது,
தேனீப்பெட்டிகள் ஐந்தும் இருக்கின்றன,
இது இல்லை.
"கணவாய் தாண்டி மாட்டுவண்டியில் வந்தது," என்றார் ராய்ஸ்.
"உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் மண்டையில் இறங்கியது," என்றாள் நெல்டா.
எந்தத் தரப்புச் சிப்பாய் என்பதில் ஒரு சின்னச் சண்டை.

கவிழ்த்தேன்.
தழும்பு இல்லை.
வளையத்தில் மூன்று இடத்தில் வெட்டு.
கடிகாரத்தில் ஆறு இருக்கும் இடத்தில்
விரல் வழுக்கியது.
யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்,
பொறுமையாய், ஒரே திசையில்.
அத்தோடு விட்டிருக்கலாம்.
இரும்பு பிடித்த கை.
தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
அரைகுறையாய் மேலே வந்தது:
மேட் இன் யுஎஸ்ஏ.
"அறுபதுகள்," என்றேன்.
"அதற்கு முன்னால் இப்படிப் போடுவது அபூர்வம்."

நெல்டா தாளையே பார்த்தாள்.
"அறுபத்தாறு ஜனவரி.
ஒரு வாரம் கொட்டகையில் அரத்தின் சத்தம்.
மண்வெட்டி தீட்டுகிறேன் என்றாள் அம்மா.
தரை கல்லாய் உறைந்து கிடந்தது,
அதில் மண்வெட்டிக்கு என்ன வேலை?"

ராய்ஸ் கைப்பிடியை விட்டார்.
அப்போது அவருக்கு ஐந்து வயசு.
கொதிக்கும் வாணலியைப் பனிக்குள் வைத்தால்
என்ன சத்தம் வரும் என்று கேட்க ஆசை.
வந்தது. டக்கென்று, விளிம்பிலிருந்து நடு வரை.
துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டு,
ஏழு இரவு முழங்காலிட்டார்.
எட்டாம் நாள்
அதே ஆணியில் விரிசல் இல்லாமல் தொங்கியது.
"அதனால்தான் நான் சபையில் டீக்கன்," என்றார்.
சிரிக்கிறாரா, தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் நெல்டா.
அம்மாவைச் சொன்னாளா, தம்பியையா,
நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் சாலையில் லாரிகள் மட்டும்.
பிறகு ராய்ஸ்:
"அப்படியானால் பழையது?"
"கோழிக்கூண்டு," என்றாள்.
"சோளம் போடுவோமே, அந்தத் தட்டு."
ஓட்டமும் நடையுமாய் இருவரும்
டிரக்கை நோக்கிப் போனார்கள்.

விரிசல் விட்டதற்கு விலையில்லை
என்று கத்த எழுந்தேன். கத்தவில்லை.
இருபது டாலர் பெறும் முழு வாணலி
என் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.
விரல்முட்டியால் தட்டினேன். கணீரென்றது.

தொப்பிக்காரர் ஒருவர் நாடாவை இழுத்தார்.
"பத்தரை அங்குலம்," என்றார்.
"பிறகு ஏன் எட்டு என்று போட்டிருக்கிறார்கள்?"